முதல் குதிரை: எந்த இனம் வாங்கலாம்?

வணக்கம். காட்பாடி பக்கம் ரெண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கு. நானும் பத்து வயசுப் பொண்ணும் குதிரையேற்றத்துக்குப் புதுசு. ரேஸ்ல ஓடி ஓய்ஞ்ச தரோபிரெட் மலிவா வருதுன்னு ஒரு தரகர் நச்சரிக்கிறார். ஓடவே பழக்கின குதிரை, எனக்குப் பயமா இருக்கு. மகளுக்கு மார்வாரிதான் வேணுமாம், அந்த உள்பக்கம் வளைஞ்ச காதுக்காக! (காதைப் பார்த்தா குதிரை வாங்குறது?) ராஜஸ்தான் இனம், வேலூர் வெயிலைத் தாங்கும், ஆனா துடிப்பு ஜாஸ்தின்னு சொல்றாங்க. மணிப்பூரி மட்டக்குதிரை நாலரை அடிக்குள்ளதான், அவளுக்குச் சரி. என் 85 கிலோவுக்குப் பாவம்.

ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போறேன். பல்லு, குளம்புல என்ன பார்க்கணும்? பத்து வயசு தாண்டின, சாதுவான குதிரையே போதும். ஆற்காடு பக்கம் லாடம் அடிக்கிறவர் யாராவது இருக்காரா?