24 பிக்சலில் கறையாகிவிடும் இடிமழை ஐகான்

மேலூர் வட்டார விவசாயிகளுக்கான வானிலைச் செயலிக்குக் கடந்த மாதம் முதல் ஐகான்கள் வரைந்து வருகிறேன். மதுரைப் பக்கம் சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு மாலையில் இடியோடு மழை கொட்டுவதுண்டு என்பதால், சூரியன், மேகம், மின்னல், துளி ஆகிய நான்கையும் ஒரே ஐகானில் காட்ட வேண்டியிருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 48 பிக்சலில் தெளிவாக இருப்பது 24 பிக்சலில் ஒரே கறையாகிவிடுகிறது. கோட்டின் தடிமனை 2 பிக்சலிலிருந்து 1.5 ஆகக் குறைத்துப் பார்த்தேன். விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியில், வெட்டவெளி வெயிலில், அது கண்ணுக்கே தெரியவில்லை. மேகத்தைப் பிரித்துக் காட்ட எஸ்விஜி படக்கோப்பில் ஃபில்டர் விளைவாகச் சேர்த்த நிழல், ஆண்ட்ராய்டு செயலிக்கான வெக்டர் வடிவத்துக்கு மாற்றியதும் காணாமல் போகிறது. துளிகளை நீக்கினால் மழையில்லாத வெறும் இடி என்று புரிந்துகொள்கிறார்கள்; களத்தில் நெல் காயப்போட்டவருக்கு அந்த வேறுபாடுதான் முக்கியம். சிறிய அளவுக்கெனத் தனியாக ஐகான் வரைந்து பழகியவர்கள், பொருள் கெடாமல் இந்த நான்கில் எதைக் கைவிடுவீர்கள்?