இந்தக் கொடி எந்தப் போர்த்துகீசிய ஊருடையது?

லிஸ்பனில் சனிக்கிழமை கூடும் ஃபெய்ரா ட லாட்ரா பழஞ்சாமான் சந்தையில் சின்ன மேசைக் கொடி ஒன்று வாங்கினேன். மஞ்சள் துணி, நடுவில் பச்சைக் கேடயம், அதில் தங்க நிறத் திராட்சைக் குலை, அடியில் வெள்ளையும் நீலமுமாக அலைகள். ஆற்றங்கரை ஊராக இருக்கலாம்.

கேடயத்தின் மேல் வெள்ளிக் கோட்டைக் கிரீடம். கோபுரங்களை எண்ணினேன், மூன்றுதான். நகரத்துக்கு ஐந்து, சிறுநகரத்துக்கு நான்கு. அப்படியானால் இது ஒரு கிராம ஃப்ரெகெசியா, அங்கே உள்ளாட்சியின் கடைசிப் படி.

பாழாய்ப்போன பூச்சி சரியாகப் பெயர் நாடாவைத்தான் அரித்திருக்கிறது! கடைசியில் ‘எய்ரா’ மட்டும் மிச்சம். 2013இல் 4,200க்கு மேல் இருந்த ஃப்ரெகெசியாக்களை இணைத்துச் சுமார் 3,100 ஆக்கினார்கள். அதில் மறைந்த ஊரோ என்னவோ. அடையாளம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். படம் கீழே.