‘ஃபுல் ஹூக்கப்’ என்பதற்கு மூவிணைப்பு மனை: கிராண்ட் கேன்யனை வைத்து ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீடு போன்ற வண்டியை (ஆர்.வி.) முகாமில் நிறுத்தி, மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றையும் அதோடு இணைத்துக்கொள்ளும் இடத்தை ஆங்கிலத்தில் ‘ஃபுல் ஹூக்கப்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் மடல் இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் சேர்த்துப் படித்தேன். சகல வசதித் தங்குமிடம், முழுத்தொடுப்பு, முழு இணைப்புத் தளம் என்று மூன்று சொற்களும், வண்டிக்குச் சகடமனை என்ற சொல்லும் நிற்கின்றன. ஒரு நிஜமான இடத்தைப் பற்றி எழுதிப் பார்த்தால்தான் எந்தச் சொல் தாங்கும் என்று தெரியும். அமெரிக்காவில், அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்காக நாங்கள் சிலர் ஒரு வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறோம். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாக்களும் படிக்கவேண்டும் என்பதால் அதைத் தமிழில் எழுதுகிறோம். இந்தச் சொல் எங்களுக்கு உடனே தேவை. ஆகவே அந்த இடத்தை வைத்தே பேசுகிறேன்.

தெற்கு விளிம்பில், தேசியப் பூங்காவின் எல்லைக்குள்ளேயே, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முகாம்கள் இருக்கின்றன. ஒன்று மேதர் முகாம். தேசியப் பூங்காச் சேவையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மேதரின் பெயர் அதற்கு. மற்றது டிரெய்லர் வில்லேஜ். இரண்டிலிருந்தும் மளிகைக் கடைக்கு நடந்தே போகலாம். இலவசப் பேருந்தில் ஏறி விளிம்புக்குப் போய்விடலாம். எல்க் மான்கள் இரண்டிலும் சுற்றித் திரியும். ஆனால் மேதரில் 30 அடி வரை நீளமுள்ள வண்டிகளுக்குத்தான் இடம், அவரவர் இடத்தில் குழாயும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. டிரெய்லர் வில்லேஜில் 50 அடி வண்டியைக்கூட நிறுத்தி, மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றையும் வண்டியோடு பொருத்திக்கொள்ளலாம். பூங்காவின் தெற்கு விளிம்பில் இந்த மூன்றும் கிடைக்கும் முகாம் அது ஒன்றுதான். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு முன்பதிவு செய்யும்போதே கண்ணில் படவேண்டும். நாம் உருவாக்கும் சொல் அதைக் காட்டாவிட்டால் பயனில்லை.

> ‘சகல வசதித் தங்குமிடம்’ என்றாலே எல்லாருக்கும் புரியுமே?

வேறு எதையோ புரிந்துகொள்வார்கள் என்பது என் கவலை. வசதி என்றதும் குளியலறை, உணவகம், வைஃபை என்று மனம் போகும். மேதர் முகாமை ஒட்டிக் கட்டணக் குளியலறைகளும் துணி துவைக்கும் இயந்திரங்களும் உண்டு. அந்தக் கணக்கில் அதுவும் வசதியான முகாம்தான். நாம் சொல்லவந்தது வண்டிக்கு வரும் குழாயையும் கம்பியையும் பற்றி.

> ‘முழுத்தொடுப்பு’ கேட்க நன்றாக இருக்கிறது. தொடு என்ற வேரும் நம்முடையது.

வேர் நல்ல வேர்தான், ஐயா. ஆனால் பேச்சு வழக்கில் தொடுப்பு என்பதற்குத் தகாத உறவு என்ற பொருள் நிலைத்துவிட்டது. குடும்பத்தோடு படிக்கும் வழிகாட்டியில் அதை அச்சிட முடியாது. இணைப்பு என்பதையே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நகரத்தில் வீடு கட்டியவர்கள் பலரும் மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, பாதாளச் சாக்கடை இணைப்பு ஆகிய மூன்றுக்கும் மனுப் போட்டு அலைந்திருப்பார்கள். இந்த முகாமில் வண்டிக்குக் கிடைப்பவையும் அதே மூன்றுதான். புதிதாக எதையும் கற்பிக்கத் தேவையில்லை.

> இணைப்பு என்றால் இன்று இணையத்தில் ‘லிங்க்’ என்றல்லவா எடுத்துக்கொள்கிறார்கள்?

தளம் என்ற சொல்லோடு சேரும்போதுதான் அந்தக் குழப்பம் வருகிறது. ‘முழு இணைப்புத் தளம்’ என்று படிக்கிறவர் ஏதோ வலைத்தளம் என்றே நினைப்பார். அதனால் தளத்தை விட்டுவிட்டு மனை என்று சொல்லலாம் என்கிறேன். அளந்து, எல்லை போட்டு, எண் கொடுத்த இடத்துக்கு ஊரில் மனை என்றுதான் பெயர். முகாமிலும் ஒவ்வொரு வண்டிக்கும் எண்ணிட்ட இடம் ஒதுக்குகிறார்கள். ‘மனை எண் 47’ என்று எழுதிப் பாருங்கள், இயல்பாக வருகிறது. நிறுத்துமிடம் என்ற சொல்லையும் யோசித்தேன். அது வெறும் வாகன நிறுத்தத்தைக் குறிப்பதால் ஆபத்தானது. பூங்காவின் வாகன நிறுத்தங்களில் இரவு தங்கக்கூடாது.

அடுத்து, ‘முழு’ என்ற அடை. இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. எது முழு என்று இடத்துக்கு இடம் மாறுகிறது. சில தனியார் முகாம்கள் கேபிள் டிவியையும் சேர்த்து விளம்பரம் செய்கின்றன. வேறு சில, மின்சாரமும் தண்ணீரும் மட்டும் கொடுத்து ‘ஹூக்கப் உண்டு’ என்று எழுதுகின்றன. எத்தனை இணைப்பு என்று எண்ணிச் சொல்லிவிட்டால் மயக்கம் இல்லை. மூவுலகு, மூவிதழ் போல மூவிணைப்பு. மின்சாரமும் தண்ணீரும் மட்டும் என்றால் ஈரிணைப்பு. மின்சாரம் மட்டும் என்றால் ஓரிணைப்பு. ஒன்றுமே இல்லையென்றால் இணைப்பிலா மனை. ஈரிணைப்பு என்றால் எந்த இரண்டு என்று கேட்கலாம். நடைமுறையில் விடுபடுவது பெரும்பாலும் கழிவுக்குழாய்தான். ஒவ்வொரு மனைக்கும் சாக்கடை போடுவதைவிட எல்லா வண்டிக்கும் பொதுவாகக் கழிவிறக்குமிடம் ஒன்று கட்டிவிடுவது எளிது. ஆகவே இந்த வரிசை குழப்பாது.

வண்டிக்கு என்ன பெயர் என்பதையும் இதோடு முடித்துவிடுவோம். கேரவன் என்றால் ஊரில் படப்பிடிப்புக்கு வரும் நடிகர்களின் வண்டி. சகடமனை என்று எழுதிய நண்பரின் எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. உப்பு விற்கும் உமணர் குடும்பத்தோடு சகடங்களில், அதாவது மாட்டுவண்டிகளில், போகும் சங்கக் காட்சி இதற்குப் பொருத்தம்தான். ஆனால் சகடம் என்ற சொல்லையே வாசகருக்கு முதலில் விளக்கவேண்டிவரும். படகு வீடு என்பது நம் எல்லாருக்கும் தெரிந்த சொல். அதே அமைப்பில் வண்டிவீடு என்று வைத்தால் தானே ஓடுவதற்கும் பொருந்தும், காருக்குப் பின்னால் இழுத்துப்போவதற்கும் பொருந்தும். இரண்டாவதை இழுவை வண்டிவீடு எனலாம்.

இனி உள்ளே இருக்கும் சொற்கள். இவற்றில் பிழை நேர்ந்தால் மனையில் நிற்கிறவர் கையில் பிரச்சினை வந்து விழும், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மின்சாரத்தைக் ‘கரை மின்’ என்று ஒருவர் பெயர்த்திருந்தார். துறைமுகத்தில் நிற்கும் கப்பல் கரையிலிருந்து மின்சாரம் எடுப்பதிலிருந்து வந்த வழக்கு அது. கடலே இல்லாத பீடபூமியில் நிற்கிற தமிழருக்குக் கரை என்றால் ஒன்றும் விளங்காது. வெளிமின் என்பது போதும். மனையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு மின்பெட்டி நிற்கும். 50, 30, 20 ஆம்பியர் என்று எண் போட்ட துளைகள் அதில் இருக்கும். 30 ஆம்பியரில் 120 வோல்ட், அதாவது 3,600 வாட் கிடைக்கும். 50 ஆம்பியர் என்பது இரண்டு 120 வோல்ட் கம்பிகள் வரும் நான்கு முனைச் செருகி, மொத்தம் 12,000 வாட். எண்ணைப் பார்த்தால் இரண்டு மடங்குகூட இல்லை, கிடைப்பதோ மூன்று மடங்குக்கும் மேல். 30 ஆம்பியர் வண்டியில் ஏசியும் மைக்ரோவேவும் சேர்ந்து ஓடும்போது தண்ணீர் சூடாக்கியையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அப்புறம், ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி 230 வோல்ட்டுக்குச் செய்தது, இங்கே சரியாக ஓடாது. இதையும் வழிகாட்டியில் எழுதியாகவேண்டும்.

தண்ணீருக்குப் புதுச்சொல் தேடவேண்டாம். குழாய், குடிநீர் ஹோஸ், அழுத்தக் குறைப்பான். முகாம் குழாய்களில் அழுத்தம் ஏறி இறங்கும், வண்டிக்குள் ஓடும் மெல்லிய குழாய்கள் அதைத் தாங்காது என்பதால் அழுத்தக் குறைப்பானைக் குழாயின் வாயிலேயே மாட்டவேண்டும். இன்னொன்று, தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. அரிசோனா என்றதும் வெயிலை நினைத்து வருகிறவர்கள் குளிர்கால இரவில் ஹோஸுக்குள் தண்ணீர் உறைந்து நிற்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். அந்த மாதங்களில் மாலையிலேயே வண்டியின் தொட்டியை நிரப்பிக்கொண்டு, ஹோஸைக் கழற்றி வடித்து வைத்துவிடவேண்டும்.

கழிவுக்கு வருவோம். இங்கேதான் நாம் மிகவும் கவனமாக இருக்கவேண்டும்.

> சாம்பல் நீர், கறுப்பு நீர் என்று அப்படியே மொழிபெயர்த்துவிடலாமே?

வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிறத்தை வைத்துப் பெயரிட்டால் என்ன நீர் என்றே தெரிவதில்லை. பாத்திரம் கழுவியதும் குளித்ததும் சேரும் தொட்டி (அவர்கள் சொல்லும் சாம்பல்) கழுவுநீர்த் தொட்டி. கழிப்பறைக்குக் கீழே இருப்பது (கறுப்பு) மலநீர்த் தொட்டி. அருவருப்பாக இருக்கிறது என்று சென்ற மடலில் ஓர் அம்மா எழுதியிருந்தார். அந்தத் தயக்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் எந்த வால்வைத் திறக்கிறோம் என்று கையுறை போட்டு நிற்கிறவருக்கு ஐயம் இருக்கக்கூடாது. தமிழ்நாட்டு அரசின் உள்ளாட்சி ஆவணங்களிலேயே மலக்கசடு மேலாண்மை என்று வெளிப்படையாக எழுதுகிறார்கள்.

மூவிணைப்பு மனை கிடைத்ததும் பலர் இரண்டு வால்வையும் திறந்தே விட்டுவிடுகிறார்கள், குழாய்தான் இருக்கிறதே என்று. மலநீர் வால்வைத் திறந்து வைத்தால் நீர் மட்டும் வடிந்து, கெட்டியானது தொட்டியின் அடியில் தங்கி இறுகிவிடும். தொட்டி ஓரளவு நிரம்பும்வரை மூடியே வைத்து, நிரம்பியதும் முதலில் மலநீரை இறக்கி, அதை மூடிய பிறகு கழுவுநீரைத் திறக்கவேண்டும். சோப்பு கலந்த அந்த நீர் குழாயை அலசிக்கொண்டு போகும். ‘முதலில் கறுப்பு, பிறகு சாம்பல்’ என்று எழுதினால் இந்தக் காரணம் மறைந்துவிடுகிறது. ‘முதலில் மலநீர், பிறகு கழுவுநீர்’ என்றால் ஒருமுறை படித்தாலே மனதில் நிற்கும். இறக்கும் நீர் எங்கோ தொலைந்துபோவதும் இல்லை. தெற்கு விளிம்பில் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடு 1926ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தண்ணீர் அங்கே அவ்வளவு அரிது.

அந்த அரிய தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதற்கும் நம் சொல்லுக்கும் தொடர்பு இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில், வடக்கு விளிம்புக்குக் கீழே ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்று. அங்கிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, கொலராடோ ஆற்றைப் பாலத்தில் கடந்து, தெற்குச் சரிவில் ஏறி வருகிறது பன்னிரண்டரை மைல் நீளமுள்ள ஒரு குழாய். 1960களின் பிற்பகுதியில் போட்டது. காலம் கடந்துவிட்டதால் 2010க்குப் பிறகு மட்டும் 85க்கும் மேற்பட்ட பெரிய உடைப்புகள். மாற்றுக் குழாய் போடும் வேலை 2023இல் தொடங்கியது. 2024 ஆகஸ்ட் இறுதியில் அடுத்தடுத்து உடைப்புகள் வந்து, தெற்கு விளிம்புக்குத் தண்ணீர் ஏறவேயில்லை. விடுதிகளோடு சேர்த்து டிரெய்லர் வில்லேஜிலும் இரவுத் தங்கலை நிறுத்திவிட்டார்கள். மேதர் முகாம் மட்டும் வெளிக்குழாய்களை அடைத்துவிட்டுத் திறந்தே இருந்தது. மூன்று இணைப்பும் உள்ள முகாம் மூடிக்கிடக்க, எந்த இணைப்பும் இல்லாத முகாமில் மக்கள் தங்கினார்கள்.

அப்போது வந்த அறிவிப்பில் இருந்த சொல் ‘டிரை கேம்பிங்’, அதாவது வெளியிலிருந்து தண்ணீர் கிடைக்காமல் தங்குவது. இதற்கு உலர் முகாம், வறள் முகாம் என்று இரண்டு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. உலர் முகாம் என்றால் மழை படாத இடம் என்று தோன்றும். வறள் முகாம் என்றால் நிலம் வறண்டது என்று தோன்றும், அரிசோனாவில் பல இடங்களும் அப்படித்தானே. இரண்டும் வேண்டாம். வண்டிவீட்டுக்குள் தண்ணீர் இருக்கிறது, மின்கலத்தில் மின்சாரமும் இருக்கிறது, வெளியிலிருந்து மட்டும் எதுவும் வராது. அதனால் தன்னிருப்புத் தங்கல் என்று சொல்லலாம். இணைப்பிலா என்பது மனையின் இயல்பு. தன்னிருப்பு என்பது தங்குகிறவர் செய்யவேண்டியது. அந்த 2024 நாட்களைப்போல ஒரு நிலை வந்தால் ‘தண்ணீர் இல்லை, தன்னிருப்புத் தங்கல் மட்டும்’ என்று ஒரே வரியில் அறிவித்துவிடலாம். மேதரில் தன்னிருப்பாகத் தங்குகிறவர்கள் ஜெனரேட்டரையும் குறித்த நேரங்களில்தான் ஓட்டலாம் என்பதை மறக்கவேண்டாம்.

பூங்காவுக்கு வெளியே, தெற்கு வாயிலை அடுத்த டூசயான் என்ற சிற்றூரிலும் இணைப்புள்ள முகாம் உண்டு. டிரெய்லர் வில்லேஜில் இடம் கிடைக்காதவர்கள் அங்கே பார்க்கலாம். வடக்கு விளிம்பிலும், தெற்கில் டெசர்ட் வியூவிலும் உள்ள பூங்கா முகாம்கள் இணைப்பிலா முகாம்கள். இந்த நான்கு இடங்களையும் நம் சொற்களால் விவரித்து எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை.

ஆக என் பரிந்துரைகள் மூவிணைப்பு மனை, ஈரிணைப்பு மனை, ஓரிணைப்பு மனை, இணைப்பிலா மனை, வண்டிவீடு, வெளிமின், கழுவுநீர், மலநீர், கழிவிறக்குமிடம், தன்னிருப்புத் தங்கல். மறுப்பு இருப்பவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. டிரெய்லர் வில்லேஜில் ‘புல் துரூ’ மனைகள் இருக்கின்றன. ஒருபக்கம் நுழைந்து, தங்கி, மறுபக்கமாக நேரே வெளியேறிவிடலாம், ரிவர்ஸ் எடுக்கவேண்டியதில்லை. முதல்முறை 30 அடி வண்டியை ஓட்டுகிறவருக்கு இது பெரிய நிம்மதி. ஊடுவழி மனை, நேர்ச்செல் மனை என்று இரண்டை யோசித்திருக்கிறேன். இரண்டுமே ஓட்டுநர் வாயில் வரும் சொற்களாகத் தெரியவில்லை. நம் லாரி ஓட்டுநர்கள் குடோனில் இப்படி முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியேறுவதற்கு ஏதாவது சொல் வைத்திருப்பார்கள். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து நண்பர்கள் யாராவது விசாரித்து எழுதினால், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
பீனிக்ஸிலிருந்து