ஹாலோவீனுக்கு என்ன பேய்ப் படம் பாக்கலாம்? புதுசா வந்தவங்களுக்கு

கேள்வி – ஒஹையோ

வணக்கம். நாங்க ஆகஸ்ட்ல தான் இங்க அமெரிக்காவுக்கு வந்தோம். நான், மனைவி, ஆறு வயசுப் பொண்ணு. அக்டோபர் பொறந்ததுலேருந்து தெரு முழுக்க எலும்புக்கூடும் சிலந்தி வலையும் தொங்குது. ஹாலோவீன் வர்ற 31-ம் தேதிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, கூட வேலை பாக்குறவர் வீட்ல பேய்ப் படம் பாக்கக் குடும்பத்தோட கூப்பிட்டிருக்காங்க. ஆளுக்கு ஒரு படம் சொல்லணுமாம். எனக்கு இங்கிலீஷ் பேய்ப் படம் அவ்வளவா பழக்கம் இல்ல. மனைவிக்கு ரத்தம் பாத்தா ஆகாது. பொண்ணு தனக்கும் ஒரு படம் வேணும்ங்கிறா. எதைப் பாக்கலாம்?

பதில் – நியூ ஜெர்சி

தம்பி, நாங்க வந்து பதினாலு வருஷம் ஆச்சு. "ரொம்பப் பயங்கரமான படம் எது"ன்னு மட்டும் தேடிடாதீங்க. யாரோட உக்காந்து பாக்கப் போறீங்களோ அவங்களை மனசுல வச்சு எடுங்க.

முதல் அக்டோபர்ல, எல்லாரும் புகழ்றாங்களேன்னு நாங்க 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) போட்டோம். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் போட்டிக்கே போன முதல் பேய்ப் படம் அது. அருமையான படம்தான். ஆனா மறுநாள் வீட்டுக்காரர் வேலையா வெளியூர் போயிட்டார். இங்க வீடெல்லாம் மரச்சட்டத்துல கட்டினது. ராத்திரி குளிர் ஏறினா மரம் சுருங்கி டக்கு டக்குன்னு சத்தம் வரும். வீட்டைச் சூடாக்குற ஹீட்டர் ஓட ஆரம்பிச்சா சுவத்துக்குள்ள யாரோ தட்டுற மாதிரியே இருக்கும். அது இன்ன சத்தம்னு எனக்கு அப்போ தெரியாது. மூணு ராத்திரி விளக்கை அணைக்காம சோபாவுலேயே உக்காந்திருந்தேன். புது ஊர்ல தனியா இருக்கிறவங்களுக்கு அந்தப் பயம் சாதாரணமா விடாது. அதனாலதான் உங்க மனைவியை நினைச்சு இவ்வளவு நீளமா எழுதுறேன்.

கூட்டமா பாக்க என்னோட முதல் தேர்வு 'எ கொயட் பிளேஸ்' (2018). சத்தம் கேட்டா வந்து அடிக்கிற ஜந்துக்கள், அதுங்களுக்குப் பயந்து வாய் திறக்காம வாழுற ஒரு குடும்பம், அவ்வளவுதான் கதை. பேச்சு ரொம்பக் குறைவு. பெரும்பாலும் சைகை மொழியிலதான் பேசிக்குவாங்க, அதுக்குத் திரையிலேயே எழுத்து வரும். அமெரிக்க உச்சரிப்புக்குக் காது இன்னும் பழகாத உங்களுக்கு எதுவும் விட்டுப் போகாது. ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும். மாடிப்படியில ஆணி ஒண்ணு நீட்டிக்கிட்டு நிக்கும். அதைக் காட்டினதும் இனிமே அந்தப் படியில யாராவது இறங்கினா கண்ணை மூடிக்கணும்னு மனைவிகிட்ட சொல்லி வைங்க. நிறைமாசக்காரி ஒருத்தி படுற பாடும் வரும். வந்திருக்கிறவங்கள்ல யாராவது மாசமா இருந்தா இந்தப் படம் வேணாம்.

ரத்தமே ஆகாதுன்னா 'தி அதர்ஸ்' (2001). வெயில் பட்டா உடம்புக்கு ஆகாத ரெண்டு குழந்தைங்க, அதனால எப்பவும் திரை மூடியே கிடக்குற பெரிய வீடு, தனியா நிக்கிற ஒரு அம்மா. கதவு, திரைச்சீலை, காலடி ஓசை, இவ்வளவுதான் பயமுறுத்தும். ஆனா முடிவு மனசுல ரொம்ப நாள் நிக்கும். 'தி சிக்ஸ்த் சென்ஸ்' (1999) பாக்கலேன்னா அதையும் ஒரு நாள் பாத்துடுங்க. எடுத்த ஷியாமளன் நம்ம புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேல பொறந்தவர். பயத்தை விட அந்தச் சின்னப் பையனும் அவன் அம்மாவும் கார்ல பேசிக்கிற இடம்தான் என்னை அழ வச்சுது. முடிவை யார்கிட்டயும் கேக்காதீங்க, தேடியும் படிக்காதீங்க.

அங்க யாராவது 'ஹாலோவீன்' போடலாம்னு சொன்னா, எந்த வருஷத்துப் படம்னு கேட்டுக்கோங்க. அதே பேர்ல 1978, 2007, 2018 மூணு வருஷத்துலயும் படம் இருக்கு. 2007-ல வந்தது ரத்தக்களரி. ஜான் கார்பென்டர் எடுத்த 1978 படத்துல ரத்தம் ரொம்பக் கம்மி, பியானோவும் ஒரு வெள்ளை முகமூடியுமே போதும். கதை நடக்கிறது இல்லினாய்ல அக்டோபர் கடைசி. எடுத்தது கலிபோர்னியாவுல வசந்த காலத்துல. இலையுதிர் காலம் மாதிரி தெரியணும்னு இலைக்குச் சாயம் பூசி, தூவி, பொறுக்கி, திரும்பத் தூவியிருக்காங்க. கையில காசு இல்லாம இப்படி எடுத்த படம் இன்னிக்கும் நிக்குதுன்னா எனக்கு ரொம்ப மதிப்பா இருக்கு.

எந்த வயசுக்கு ஆகும்னு படத்துக்குக் கொடுக்கிற ரேட்டிங்கையும் கவனிங்க, ஆனா அதை மட்டும் நம்பிடாதீங்க. 13 வயசு ஆகாத பிள்ளைங்களுக்கு ஆகாம போகலாம்னு எச்சரிக்கிற பிஜி-13ங்கிற பிரிவே 1984-ல தான் வந்துது. அதுக்கு முந்தின படத்துல பிஜின்னு (பெத்தவங்க பாத்து முடிவு பண்ணணும்னு) போட்டிருந்தா குழந்தைக்கு ஆகும்னு அர்த்தம் இல்ல. 'போல்டர்கைஸ்ட்' (1982) பிஜி தான். அதுல ஒரு ஆள் கண்ணாடி முன்னாடி நின்னு தன் முகத்தைத் தானே பிய்க்கிற காட்சி வரும். இன்னொரு பக்கம் 'தி கான்ஜூரிங்' (2013)ல ரத்தம் அதிகம் இல்ல, ஆனாலும் ஆர் (17 வயசு ஆகாதவங்க தியேட்டர்ல பெரியவங்க துணையோடதான் பாக்கலாம்) கொடுத்தாங்க. பயம் அந்த அளவுக்கு.

பொண்ணுக்கு 1966-ல வந்த சார்லி பிரவுன் பூசணிக்காய்க் கார்ட்டூன் போடுங்க. அரை மணி நேரம் கூட இல்ல, இங்க எல்லாப் பிள்ளைங்களும் பாத்து வளந்தது. 'ஹோக்கஸ் போக்கஸ்' (1993) எல்லாரும் சொல்வாங்க. அதுல ஆரம்பத்துலேயே சூனியக்காரிங்க ஒரு சின்னப் பொண்ணோட உயிரை எடுக்கிறாங்க, 'வர்ஜின்'ங்கிற வார்த்தையும் திரும்பத் திரும்ப வரும். ஆறு வயசுல கேள்வி கேப்பா, பதிலோட இருங்க. 'கோரலைன்' (2009) பொம்மைப் படம்னு ஏமாந்துடாதீங்க. அம்மா மாதிரியே இருக்கிற ஒருத்தி, கண்ணுக்குப் பதிலா பொத்தான். இன்னும் ரெண்டு மூணு வருஷம் போகட்டும்.

பதில் – லண்டன்

அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். இங்கிலாந்துக்கு வந்தவங்க ரேட்டிங்கை அமெரிக்கக் கணக்குல பாக்காதீங்க. அங்க ஆர் படத்துக்கு அப்பா அம்மா கூட இருந்தா பிள்ளையைத் தியேட்டருக்குள்ள விடுவாங்க. இங்க 15னு இருந்தா, பெத்தவங்க கூட வந்தாலும் 15 ஆகாத பிள்ளைக்கு அனுமதி கிடையாது. எங்க பையனோட போய், வாசல்லேயே திரும்பினோம். பாவம், ரொம்ப ஆசையா வந்தான்.

கேட்டவர்

ரொம்ப நன்றி அக்கா. 'எ கொயட் பிளேஸ்' சொல்லிடறேன். ரெண்டு சந்தேகம். தமிழ்ப் படம் ஏதாவது அவங்களுக்குக் காட்டலாமா? அப்புறம், 31-ம் தேதி வீட்லயே ஒரு படம் போட்டா எத்தனை மணிக்கு ஆரம்பிக்கலாம்?

பதில் – நியூ ஜெர்சி

தாராளமா காட்டுங்க. 'பீட்சா' (2012). பீட்சா கொண்டு போய்க் கொடுக்கிற பையன் ஒரு பங்களாவுல மாட்டிக்கிறான். இதை யாருக்கும் விளக்கவே வேணாம். எங்க பக்கத்து வீட்டுக்காரங்க சப்டைட்டிலோட பாத்துட்டு, விஜய் சேதுபதி வேற என்ன படம் பண்ணியிருக்கார்னு கேட்டாங்க. காமெடியும் பேயும் கலந்த நம்ம படங்களை முதல்ல காட்ட வேணாம். சிரிக்கிறதா பயப்படுறதான்னு தெரியாம முழிப்பாங்க.

31-ம் தேதி இருட்டினதும் படம் போட்டுடாதீங்க. பிள்ளைங்க மிட்டாய் கேட்டு மணி அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. வாசல் விளக்கு எரிஞ்சா வரலாம்னு அர்த்தம், அணைஞ்சிருந்தா பெரும்பாலும் வர மாட்டாங்க. ஒஹையோவுல பல ஊர்ல நகராட்சியே நேரம் குறிச்சு அறிவிப்பாங்க, சில இடத்துல நாளே 31 இல்லாம வேறயா இருக்கும். அதைப் பாத்து வச்சுக்கோங்க. பொண்ணை வேஷம் போட்டு நாலு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, வந்த பிள்ளைங்களுக்கு மிட்டாய் கொடுங்க. எட்டரைக்கு மேல பொண்ணு தூங்கினதும் வாசல் விளக்கை அணைச்சுட்டுப் படத்தைப் போடுங்க.

அதுக்கு முன்னாடி, இன்னிக்கு ராத்திரியே மனைவியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஹீட்டரை ஒரு தடவை ஓட விடுங்க. எந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு ரெண்டு பேரும் நடந்து போய்ப் பாத்துடுங்க.