ரயில் சிமுலேட்டரில் கேக்டா செய்தவர்கள், ஓட்டியவர்கள்: இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ரிவெட்ராசா:

நானே ஆரம்பிக்கிறேன். டபிள்யூசிஜி1 தான், பம்பாய்ப் பக்கம் ஓடிய பழைய மின்சார இன்ஜின், அந்தக் காலத்து ஜிஐபி (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வேயின் இஎஃப்1. வெளியுலகம் முதலை என்கிறது, ஓட்டியவர்கள் கேக்டா என்றார்கள், நண்டு. இங்கே இருப்பவர்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை.

ஓப்பன் ரெயில்ஸ் என்கிற கணினி ரயில் சிமுலேட்டருக்காக ஒன்பது மாதம், முப்பரிமாண மாடல் செய்கிற பிளெண்டர் மென்பொருளே கதி என்று கிடந்தேன். டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் ‘சர் லெஸ்லி வில்சன்’ இன்ஜினை இரண்டு நாள் சுற்றி வந்து படம் எடுத்தேன். மூக்கின் மேலே ஓடும் ரிவெட்டை எண்ணி எண்ணி ஒட்டினேன். என் பெயரே அதனால் வந்ததுதான்.

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர். இளவயதில் கல்யாண் ஷெட்டில் வேலை பார்த்தவர் என்று கேள்விப்பட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். கேமராவை இன்ஜினுக்கு நேர் எதிரே வைத்து, மெதுவாக ஓடவிட்டேன். ரிவெட்டைப் பார்ப்பார், விளக்கைப் பார்ப்பார் என்று காத்திருந்தால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, “தம்பி, ரெண்டு பக்கமும் கம்பி ஒண்ணா எழும்புதே?” என்றார்.

அவர் சொன்னது ஒரு பக்கத்துச் சக்கரங்களைக் கோத்து ஓட்டுகிற இணைப்புக் கம்பியை. எனக்கு முதலில் புரியவில்லை. அவர் இரண்டு கை முஷ்டியையும் மடியின் மேல் தூக்கிக் காட்டினார். வலது முஷ்டி உச்சியில் நிற்கும்போது இடது முஷ்டி முன்னால் நீண்டிருந்தது. அப்படியே இரண்டையும் சுற்றினார், ஒன்றை ஒன்று துரத்துகிற மாதிரி. எழுபது வயதைத் தாண்டிய கை, கொஞ்சம் நடுக்கம் வேறு. ஆனால் அந்தக் கால் சுற்று இடைவெளி கடைசி வரை மாறவே இல்லை.

நான் ஒரு பக்கம் மட்டும் செய்துவிட்டு மறுபக்கத்துக்கு மிரர், அதாவது கண்ணாடிப் பிம்ப நகல், போட்டிருந்தேன். அவ்வளவுதான் விஷயம். இரண்டு பக்கமும் 90 டிகிரி தள்ளி இருந்தால்தான் ஒரு பக்கக் கம்பி நேர்கோட்டில் படுத்து, சுற்ற வலுவில்லாமல் கிடக்கும்போது மறுபக்கம் முழு வலுவோடு இழுக்கும். நீராவி இன்ஜின் படம் வரைகிற பள்ளிப் பையனுக்குத் தெரிந்த சமாச்சாரம். ஒன்பது மாதம் அது என் கண்ணில் படவில்லை. அந்த இரண்டு முஷ்டி இப்போதும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

கோணமானி:

எனக்கும் கம்பிதான். அக்கா பையன் பார்த்துவிட்டு “மாமா, இது ஏன் நடுங்குது?” என்றான். ஆறு வயது. அவ்வளவே என் கதை.

ஆனால் ராசா, 90 டிகிரியைச் சரிசெய்து நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வீடியோவைப் பார்த்தேன், ஒரு சுற்றுக்கு எட்டு கீஃபிரேம்தான், அதாவது பொருளின் நிலையைக் குறித்துவைக்கிற எட்டு கட்டம்தான், வைத்திருக்கிறீர்கள். சக்கரத்துக்கு அது போதும், ஏனென்றால் அது சுழற்சியாகவே கணக்காகிறது. கம்பி அப்படியில்லை. கம்பியின் இடம் ஒரு கீயிலிருந்து அடுத்த கீக்கு நேர்கோட்டில் போகும். சக்கரத்தில் கம்பி மாட்டியிருக்கிற முளை வட்டம் போடும், கம்பி எண்கோணம் போடும். நடுவில் இரண்டும் பிரியும். கிராங்க் ஆரம், அதாவது சக்கர மையத்திலிருந்து முளைக்கு உள்ள தூரம், 300 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு கீ என்றால் இரண்டு கீக்கு நட்டநடுவில் கம்பி முளையை விட்டு 23 மி.மீ. உள்ளே போய்விடும். பதினாறு கீ வைத்தால் 6 மி.மீ. கூட வராது. ஒரு சுற்றில் எட்டு தடவை இப்படி உள்ளே போய் வெளியே வந்தால் அதுதான் நடுக்கம். அதோடு கம்பிக்கு எந்தச் சுழற்சிக் கீயும் கொடுக்காதீர்கள், அது கிடையாகவே இருந்து வட்டமாக நகர வேண்டிய பொருள். மென்பொருளில் அதைச் சக்கரத்தோடு சேர்ந்து அசைகிற குழந்தையாகக் கட்டினால் விசிறி மாதிரி சுழலும். நான் அதையும் செய்து பார்த்தவன். அப்புறம், மூக்கை நடு உடலோடு ஒட்டியிருக்கிறீர்களா, சக்கரங்களைத் தாங்குகிற போகியோடா? அசல் இன்ஜின் வளைவில் மூக்கைத் திருப்பிக்கொண்டு போகும். காட் என்கிற மலைப்பாதையின் வளைவுக்காகத்தானே உடலையே மடக்குகிற மாதிரி செய்தார்கள்.

சத்தக்காரி:

கோணமானி, 23 மி.மீ. நடுக்கத்தை யார் பார்க்கிறார்கள்? உங்கள் அக்கா பையனைத் தவிர? ஓட்டுகிறவர் கேபினில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குக் கம்பி தெரியவே தெரியாது, காதில்தான் விழும். இங்கே எல்லோரும் மாடலின் உருவத்தைக் கட்டுகிற பாலிகனை எண்ணுகிறீர்கள், சத்தத்துக்கு மட்டும் வேறு ஏதோ இன்ஜினின் கோப்பை எடுத்துப் போட்டுவிடுகிறீர்கள்.

நானும் அப்படித்தான் போட்டிருந்தேன் என்பது வேறு விஷயம். ஏசி மின்சாரத்தில் ஓடுகிற புதிய சரக்கு இன்ஜின் ஒன்றின் புளோயர் (குளிர்விக்கும் விசிறி) சத்தத்தை அப்படியே மாட்டியிருந்தேன். அம்மா சின்ன வயதில் கல்யாணில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். பின்னால் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு, “இது என்ன மிக்சி மாதிரி? அது நிக்கும்போது முனகும்டி” என்றார்.

எப்படி முனகும் என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் முனகிக் காட்டினார். ஜுரத்தில் படுத்தவர் முனகுகிற மாதிரி, ஏறி இறங்கி, நடுவில் கொஞ்சம் அறுந்து. ராத்திரி யார்டில் இரண்டு மூன்று நின்றால் தூக்கமே வராது என்றார். ஓடும்போது வேறு சத்தம், கம்பி சுற்றச் சுற்ற ஸ்விஷ் ஸ்விஷ் என்று வரும். நின்றால் முனகல்தான்.

நல்ல ஒலிப்பதிவுக்காக நாலு மாதம் அலைந்தேன், சிக்கவில்லை. 1920களின் கடைசியில் வந்த இன்ஜின், மொத்தமே 41. முதல் பத்தை சுவிட்சர்லாந்தில் செய்தார்கள், மிச்சத்தை இங்கிலாந்தில் வல்கன் ஃபவுண்டரி. 90களில் மும்பையில் ஷண்டிங் செய்துகொண்டிருந்தபோது யாராவது டேப் ரெக்கார்டர் வைத்திருக்கக் கூடாதா? கடைசியில் அம்மாவையே போனில் பதிவு செய்து, சுருதியை இறக்கி, வேகத்தைக் குறைத்து, மேலே ஒரு மோட்டார் இரைச்சலைப் பூசினேன். இப்போது என் கேக்டா நிலையத்தில் நிற்கும்போது அடியில் கேட்பது அம்மாவின் குரல். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. போட்டுக் காட்டினேன். “ம், இப்ப பரவாயில்லை. ஆனா இன்னும் கொஞ்சம் நோவு வேணும்” என்றார்.

பேங்கர்:

சத்தம், கம்பி இரண்டுமே அப்புறம். இழுவை சரியில்லை என்றால் அது பொம்மை.

நான் செய்த இஎஃப்1ஐப் போட்ட மூன்றாவது நாள், முகம் தெரியாத ஒருவர் செய்தி அனுப்பினார். “உங்கள் இன்ஜின் 1500 டன்னை கர்ஜத்திலிருந்து லோனாவாலா வரை தனியாக ஏற்றிவிட்டது. பின்னால் தள்ளுகிறவனுக்கு வேலை போச்சு.” ஒரு சிரிப்புக்குறிகூட இல்லை.

கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் நடுவே உள்ள போர் காட் மலைப்பாதையின் ஏற்றம் 37க்கு 1, அதாவது 37 அடி போனால் ஒரு அடி ஏறும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், முன்னமே போட்டிருக்க வேண்டியது. வண்டி 1500 டன், இன்ஜின் சுமார் 125 டன். மொத்தத்தை 37ஆல் வகுத்தால், ஏற்றத்துக்கு மட்டும் 44 டன் இழுவிசை வேண்டும். ஆறு அச்சும் ஓட்டும் அச்சுதான், எடை முழுக்க அதன்மேல்தான். இருந்தாலும் காய்ந்த தண்டவாளத்தில் எடையில் நாலில் ஒரு பங்கு பிடிக்கும் என்று வைத்தால் 31 டன். அதற்குமேல் சக்கரம் வழுக்கணும். சக்கரம் உருளுகிற தடையையும் சேர்த்தால் தனி இன்ஜினுக்கு 1000 டன்னே எட்டாத கனி, மழைக்காலத்தில் பேச்சே இல்லை. நான் எங்கிருந்தோ எடுத்த கோப்பில் இழுவிசை உச்சத்தை மாற்றாமல் விட்டிருந்தேன்.

இறக்கம் இன்னும் மோசம். அசலில் இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தை ஒயருக்குத் திருப்பி அனுப்பும். பக்கத்தில் அதை வாங்கிக்கொள்ள இன்னொரு வண்டி ஏறிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த பிரேக்கை நம்ப முடியாது. சிமுலேட்டரில் எப்போதும் பிடிக்கும். அதோடு இப்போது நமக்குக் கிடைக்கும் ரூட்டில் மேலே 25 கிலோவோல்ட் ஏசி ஒயர், கீழே 1500 வோல்ட் டிசி இன்ஜின், அது பாட்டுக்கு ஓடுகிறது. நிஜத்தில் மேல் ஒயரைத் தொடுகிற பேண்டோவைத் தூக்கிய கணமே கதை முடிந்திருக்கும். இதைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதுவதில்லை, ரிவெட் மட்டும் வேணும்.

கோணமானி:

சத்தக்காரி, கேபினில் உட்கார்ந்து ஓட்டுகிறவர்தான் முக்கியம் என்றால் அம்மா முனகல் மட்டும் எதற்கு? அது வெளியே நிற்கிறவர் கேட்ட சத்தம்தானே?

சத்தக்காரி:

சரி, ஒப்புக்கொள்கிறேன். கம்பிக்குப் பதினாறு கீ வைத்துவிடுகிறேன், விடுங்கள்.

மீட்டர்கேஜ் பித்தன்:

எல்லாம் பம்பாய்க் கதையாகவே போகிறது. எழும்பூர் விழுப்புரம் மீட்டர்கேஜில் ஓடிய ஒய்ஏஎம்1 மின்சார இன்ஜினை யாராவது செய்யுங்களேன். அதற்குக் கம்பியும் கிடையாது, சண்டையும் வராது.

ரிவெட்ராசா:

பித்தன், அடுத்த ஜென்மத்தில்.

கோணமானி சொன்னபடி கம்பிக்குப் பதினாறு கீ போட்டேன். நடுக்கம் போய்விட்டது. மூக்கு போகியோடுதான் இருக்கிறது, அது மட்டும் முதலிலிருந்தே சரி. பேங்கர் சொன்ன இழுவிசையையும் இறக்கிவிட்டேன், இப்போது 1000 டன்னிலேயே வழுக்குகிறது, சந்தோஷமா?

மிரரை எடுத்துவிட்டு இடது பக்கத்தைத் தனியாகச் செய்தேன். முன் போகி பிரமாதம். வேலையை மிச்சம் பிடிக்கலாம் என்று அதையே நகலெடுத்து, 180 டிகிரி திருப்பிப் பின் போகியாக வைத்தேன். நேற்று ராத்திரி ஓடவிட்டால் முன் ஆறு சக்கரம் முன்னால் போகிறது, பின் ஆறு சக்கரம் ரிவர்ஸில் சுற்றுகிறது. இன்று மாலை மூன்றாம் மாடிக்கு வருவதாகச் சொல்லித் தொலைத்திருக்கிறேன். கீயை எல்லாம் மறுபடி போடாமல் இதற்கு வழி உண்டா?

கோணமானி:

இல்லை. மறுபடி போடுங்கள். திருப்பிய பிறகு போடுங்கள், முன்னால் அல்ல.