பேக்லாஷுக்கு ‘வெறுஞ்சுற்று’

நண்பர்களுக்கு வணக்கம்.

பட்டறைச் சொற்களுக்கு நாம் தேடும் தமிழ்ச் சொற்களில், ரோட்டரி டேபிளுக்கு (வெட்ட வேண்டிய பொருளைக் கைப்பிடி சுற்றி வேண்டிய கோணத்துக்குத் திருப்பும் மேசை) ‘சுழல் மேசை’ என்று முடிவானதில் எனக்கும் சம்மதம். ஆனால் பேக்லாஷுக்குப் ‘பின்னடிப்பு’ என்பதை ஏற்க மனம் வரவில்லை. அங்கே எதுவும் திருப்பி அடிப்பதில்லை. மேசைக்குள், கைப்பிடியோடு சுற்றும் வார்ம் என்ற திருகுத் தண்டின் பல்லுக்கும் அது சுழற்றும் சக்கரத்தின் பல்லுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கிறது. கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றினால் அந்த இடம் தீரும்வரை மேசை அசையாது, அவ்வளவுதான்.

இதைப் பாம்பனில் ஒரு வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டேன். விசைப்படகில் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்ட் பின்பக்கம் தாழ்ந்து தண்ணீருக்குள் இறங்கும். இன்ஜினும் அதே சரிவில் உட்கார வேண்டும். இன்ஜின் காலுக்கு அடியில் வைக்க 120 மி.மீ. நீளத்தில் 8 பாகை ஆப்பு கேட்டார்கள். தகட்டைச் சுழல் மேசையில் படுக்கப் போட்டு, டயல் கேஜை (நுனி எவ்வளவு நகர்கிறது என்று முள்ளால் காட்டும் அளவி) விளிம்பில் ஓடவிட்டு, முள் அசையாமல் நிற்கும்வரை கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பி நேராக்கினேன். கைப்பிடியில் கோணம் காட்டும் வளையத்தைச் சுழியத்தில் வைத்தேன். எங்கள் மேசை 90-க்கு 1, அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு மேசை 4 பாகை திரும்பும். இரண்டு சுற்று சுற்றி, மேசையைப் பூட்டி, எண்ட்மில் என்ற வெட்டுக்கருவியை ஓட்டினேன்.

படகில் வைத்துப் பார்த்தால் ஒரு முனையில் 0.7 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறது.

நேராக்கும்போது கடைசியாகக் கைப்பிடியைப் பின்பக்கம் திருப்பியிருக்கிறேன். அப்படியே சுழியம் வைத்துவிட்டு முன்பக்கம் சுற்றியதில், முதல் 20 கலை மேசைக்குப் போய்ச் சேரவே இல்லை. (ஒரு பாகைக்கு 60 கலை.) வெட்டு விழுந்தது 7 பாகை 40 கலையில். உப்புக்காற்றில் துருவும் தேய்மானமும் சேர்ந்த பழைய மேசை வேறு.

நான் விளக்கியதைக் கேட்டுக்கொண்டிருந்த படகுக்காரர், “சுக்கான் வீலும் இப்படித்தான் தம்பி, கொஞ்சம் வெறுஞ்சுத்து சுத்தித்தான் பிடிக்கும்” என்றார். எனக்கு வேண்டிய சொல் அதிலேயே இருந்தது. கை சுற்றுகிறது, வேலை நடக்கவில்லை: வெறுஞ்சுற்று.

‘தளர்வு’ போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். போல்ட் கழன்றாலும் தளர்வுதான், பெல்ட் தொய்ந்தாலும் தளர்வுதான். வெறுஞ்சுற்று அப்படிக் குழப்பாது. மில்லிங் இயந்திரத்தின் நீளவாட்டு, குறுக்குவாட்டுக் கைப்பிடிகளுக்கும், லேத்தின் குறுக்கு ஸ்லைடுக்கும் அப்படியே பொருந்தும். பற்களுக்கு நடுவே உள்ள இடத்தை மி.மீ. கணக்கில் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘பல்லிடைவெளி’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது நிற்குமா என்று தெரியும். பட்டறையில் மாட்ட நான் எழுதிய குறிப்பு இது:

“வெறுஞ்சுற்றைத் தீர்த்துவிட்டுச் சுழியம் வை. கோணத்துக்கு எப்போதும் ஒரே பக்கமிருந்து வா. தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய்த் திரும்ப வா. பூட்டியபின் டயல் கேஜை விளிம்பில் 50 மி.மீ. ஓட்டிப் பார்: 8 பாகைக்கு முள் 7.03 மி.மீ. நகர வேண்டும்.”

அன்று இந்தக் கடைசிச் சோதனையையாவது செய்திருந்தால் 6.73 என்று காட்டியிருக்கும், ஆப்பும் வீணாகியிருக்காது.

தொண்டி, கீழக்கரைப் பக்கம் சுக்கான் பிடிப்பவர்கள் இதற்கு வேறு சொல் வைத்திருந்தால் எழுதுங்கள். அது இதைவிடப் பொருத்தமாக இருந்தால் என் சொல்லை எடுத்துவிடலாம். ‘பின்னடிப்பு’ மட்டும் வேண்டாம்.