3,400 ஆர்பிஎம்மில் மட்டும் நேவிகேஷன் திரை நடுங்குகிறது: நானே செய்த மவுன்ட்டில் எங்கே தவறு?

நெடுவழி:
வணக்கம். டூரிங் பைக்குக்கு நேவிகேஷன் மவுன்ட் ஒன்றை நானே செய்தேன். 5 மிமீ தடிமன், 25 மிமீ அகலமுள்ள அலுமினியப் பட்டை. 22 மிமீ ஹேண்டில்பாரில் ஒரே ஒரு யூ கிளாம்ப். அங்கிருந்து பட்டை 11 செ.மீ. முன்னால் நீள்கிறது, நடுவில் ஒரு வளைவு, நுனியில் கருவியின் தொட்டில். கருவியும் தொட்டிலும் சேர்ந்து சுமார் 300 கிராம். பைக் இரட்டை சிலிண்டர்.

சிக்கல் என்னவென்றால், 3,200 முதல் 3,600 ஆர்பிஎம் வரை திரையில் ஒன்றும் படிக்க முடியவில்லை. அதற்குக் கீழே தெளிவு, மேலே போனாலும் தெளிவு. நான் டாப் கியரில் நிம்மதியாக ஓட்டுவதே அந்த இடத்தில்தான்! போதாக்குறைக்கு, ஒரே ஒரு நீண்ட பயணம் போய் வந்ததும் வளைவின் வெளிப்பக்கம் மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது. சார்ஜும் விட்டுவிட்டு ஏறுகிறது.

பட்டையை 8 மிமீ ஆக்கட்டுமா, இல்லை ரப்பர் வைக்கட்டுமா?

மழைக்கோட்டு:
ரப்பர் வையுங்கள். கிளாம்ப்புக்கும் பட்டைக்கும் நடுவில் நான்கு ரப்பர் புஷ் போட்டேன், இரண்டு வருடமாக ஒரு தொல்லையும் இல்லை. ஐந்து நிமிட வேலை.

அரம்:
அண்ணா சொல்வது அவர் பைக்கில் பலித்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ரப்பர் எல்லா இடத்திலும் பலிக்காது. எந்த மவுன்ட்டுக்கும் தான் ஆட விரும்பும் வேகம் என்று ஒன்று உண்டு. எஞ்சின் தரும் அதிர்வு அந்த வேகத்தைப் போல 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் அதைக் குறைக்கும். அதற்குக் கீழே குறைக்கவே குறைக்காது, பல சமயம் கூட்டிவிடும். மெத்தென்று ரப்பர் வைத்தால் நடுக்கம் 3,400-ஐ விட்டு 1,800-க்கு இறங்கி வரலாம். அப்புறம் ஊர்ந்து போகும்போதெல்லாம் ஆட்டம்தான்.

முதலில் நோய் இதுதானா என்று பார்த்துவிடலாம். பைக்கை நியூட்ரலில் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை மெல்லத் திருகுங்கள். நிற்கும்போதும் அதே 3,400-இல் நடுங்கினால் சாலைக்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை. அடுத்து, கருவியின் மேல் 100 கிராம் அளவுக்கு நட்டு போல்ட்டுகளை டேப் போட்டு ஒட்டிவிட்டு மறுபடி திருகிப் பாருங்கள். நடுங்கும் ஆர்பிஎம் இடம் மாறுகிறதா என்று சொல்லுங்கள்.

அந்தக் கோட்டைப் பற்றி: அது கீறல் இல்லை, விரிசல். அந்த மவுன்ட்டோடு இனி ஓட்டாதீர்கள்.

நெடுவழி:
செய்து பார்த்தேன். நின்றபடியே 3,400-இல் அச்சு அசல் அதே நடுக்கம். எடை ஒட்டியதும் அது 2,900 பக்கம் வந்துவிட்டது. 3,400-இல் திரை ஓரளவு தெளிவாகவே இருந்தது. இது நல்லதா கெட்டதா?

அரம்:
நல்லதுதான், விடை கிடைத்துவிட்டது. 3,400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 57 சுற்று. உங்கள் பட்டையும் அதன் நுனியில் இருக்கும் 300 கிராமும் சேர்ந்து நொடிக்கு 57 முறை ஆடத் தோதாக அமைந்துவிட்டன. ஊஞ்சல் திரும்பி வரும்போதெல்லாம் பார்த்துத் தள்ளுவது மாதிரி எஞ்சின் தள்ளிக்கொண்டே இருக்கிறது. எடையைக் கூட்டினால் ஆட்டம் மெதுவாகும், அதனால்தான் 2,900.

இப்போது நமக்குத் தேவை எதிர்த்திசை. நீங்கள் ஓட்டும் ஆர்பிஎம்முக்கெல்லாம் எட்டாத உயரத்துக்கு அந்த எண்ணைத் தள்ள வேண்டும். தடிமனைக் கூட்டினாலும் நடக்கும், ஆனால் 8 மிமீ பட்டையை வளைப்பதற்குள் கை விட்டுப்போகும். நீளத்தைக் குறையுங்கள். பட்டையின் விறைப்பு நீளத்தின் மூன்றாம் படிக்கு எதிராகப் போகும்: நீளம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு, ஆடும் வேகம் ஏறக்குறைய 2.8 மடங்கு. முன்னால் நீளும் 11 செ.மீ. பட்டை, அதாவது மவுன்ட்டின் கை, 5.5 ஆனால் 3,400 என்பது 9,500 பக்கம் போய்விடும். டூரிங் போகும்போது அங்கே யார் போகிறார்கள்?

பட்டைக்குப் பதில் எல் வடிவ ஆங்கிள் கிடைத்தால் இன்னும் மேல். அதே எடையில் தட்டைப் பட்டையைவிடப் பல மடங்கு விறைப்பு, வளைக்கும் வேலையும் இல்லை. வளைவில்தான் உங்களுக்கு விரிசல் வந்தது. கடினப்படுத்திய அலுமினியத்தைக் குளிர்நிலையில் வைஸில் பிடித்து மடக்கினால் வெளிப்பக்கத் தோல் அப்போதே பிய்ந்து நிற்கும். மிச்சத்தை அதிர்வு பார்த்துக்கொள்ளும். எஃகுக்கு ஓர் அளவுக்குக் கீழே எத்தனை கோடி முறை ஆட்டினாலும் களைப்பு வராது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பு எல்லை கிடையாது, சின்ன ஆட்டமும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

நெடுவழி:
ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுகளிலேயே தகடு மாட்டிவிட்டால் என்ன? இடம் கச்சிதமாக இருக்கிறது.

அரம்:
மாட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் உங்கள் ஸ்டியரிங்கையே பிடித்துக்கொண்டிருப்பவை அந்த போல்ட்டுகள். தகட்டின் தடிமனுக்கு ஏற்ப நீளம் கூடிய, பழையதற்குக் குறையாத தரமுள்ள போல்ட் வேண்டும். பளபளப்பாக இருக்கிறது என்று சாதாரண ஸ்டெயின்லெஸ் போடக்கூடாது. நடுவில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ தடித்த பெயின்ட்டோ இருந்தால் அது நசுங்க நசுங்க இறுக்கம் தளரும். இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்ச் கையில் இல்லையென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதற்குப் பதில் குழாயில் இரண்டு யூ கிளாம்ப், இரண்டையும் இணைத்து ஆங்கிள். ஒற்றைக் கிளாம்ப் குழாயைச் சுற்றி மெல்லத் திரும்பும், இரண்டு பேர் பிடித்தால் அந்தக் கவலை இல்லை.

ஒயர்மேன்:
சார்ஜ் விஷயத்துக்கு யாரும் வரவில்லையே. எஞ்சின் ஓடாதபோது தடையில்லாமல் ஏறுகிறதா? ஏறினால் மின்சாரத்தில் குறை இல்லை, பிளக் ஆடுகிறது. கருவி ஒரு பக்கம் ஆட, தொங்கும் கேபிள் இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் மாட்டிக்கொண்டது யூஎஸ்பி முனை. பிளக்கிலிருந்து மூன்று நான்கு செ.மீ. தள்ளிக் கேபிளை மவுன்ட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், இரண்டும் ஒன்றாக ஆடட்டும். ஸ்டியரிங் திரும்பும் இடத்தில் மட்டும் தாராளமாக ஒரு சுருள் விடுங்கள்.

அப்படியே இதையும் பாருங்கள். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் கன்வெர்ட்டருக்குப் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கிறதா? 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட்தான், பேட்டரிப் பக்கம் ஒரு ஆம்பியர் சொச்சம் இழுக்கும், 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். சாவியை அணைத்ததும் அணைகிற மாதிரி ரிலே வையுங்கள், இல்லையென்றால் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு வந்தால் பைக் கிளம்பாது. இணைப்புகளில் சால்டரைவிட, உலோக முனையை நசுக்கிப் பிடிக்க வைக்கும் நல்ல கிரிம்ப் மேல். சால்டர் முடிகிற இடத்தில் கம்பி விறைத்துப்போய், அதிர்வில் அங்கேயே அறும்.

நெடுவழி:
ஆமாம், எஞ்சினை அணைத்தால் ஒழுங்காக ஏறுகிறது! இரண்டு நாள் ரிலேயைச் சந்தேகப்பட்டு வீணாக்கினேன்.

மழைக்கோட்டு:
என் ரப்பரைக் கழற்றுவதாக இல்லை, ஓடுகிற வரை ஓடட்டும். ஆனால் கை குட்டையானால் திரை கீழே இறங்கும், அதை யோசித்துக்கொள்ளுங்கள். 90 கி.மீ. வேகத்தில் இரண்டு நொடி குனிந்தால் 50 மீட்டர் பார்க்காமல் போகிறோம். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டேங்க், விண்ட்ஷீல்டு, பிரேக் ஹோஸ், ஆக்சிலரேட்டர் கேபிள் எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்துவிட்டே கடைசி இறுக்கம் கொடுங்கள். முப்பரிமாண அச்சில் எடுத்த பாகம் எதையாவது சேர்ப்பதாக இருந்தால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரியிலேயே இளகிவிடும். வெயிலில் நிறுத்திய கறுப்புப் பாகம் அந்தச் சூட்டைத் தொடும். ஏஎஸ்ஏ தாங்கும்.

அரம்:
நட்டு நைலாக் ஆக இருக்கட்டும், உள்ளே நைலான் வளையம் உள்ளது, அதிர்வில் கழலாது. திருகு கழலாமல் இருக்க ஊற்றும் நீல திரவம் உலோகத்தோடு உலோகத்துக்கு மட்டும். தொட்டில் பாலிகார்பனேட் என்றால் அது பட்ட இடம் வெடிக்கும். நான் ஒரு தொட்டிலை அப்படித்தான் தொலைத்தேன்.

நெடுவழி:
பத்து நாள் கழித்து வருகிறேன். எல் ஆங்கிள், இரண்டு கிளாம்ப், கை 5 செ.மீ. தொட்டிலைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்ததால் உயரம் அவ்வளவாகக் குறையவில்லை. 3,400-இல் தெருப் பெயரைப் படிக்கிறேன். சார்ஜும் அறுபடவில்லை. 5,000 தாண்டினால் மட்டும் எழுத்தின் ஓரம் லேசாக மங்குகிறது. இதற்கும் ஏதாவது செய்யலாமா?

அரம்:
அப்போது பக்கக் கண்ணாடிகளும் மங்குகின்றனவா?

நெடுவழி:
மங்குகின்றன.

அரம்:
அப்படியானால் ஹேண்டில்பாரே ஆடுகிறது, அது பைக்கின் குணம். நேவிகேஷன் கருவிக்குப் பரவாயில்லை, விட்டுவிடுங்கள். அங்கே ஃபோனை மட்டும் மாட்டாதீர்கள். அதிக சக்தியுள்ள பைக் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. ஃபோன்தான் வேண்டும் என்றால் அப்போது மழைக்கோட்டு அண்ணாவின் ரப்பர் பக்கம் வரலாம், இப்போது அதற்கு இடம் இருக்கிறது.

மழைக்கோட்டு:
கடைசியில் வந்தீர்களா வழிக்கு!

நெடுவழி:
இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். பழைய பட்டையைக் கழற்றியதும் அந்தக் கோடு எவ்வளவு ஆழம் என்று பார்க்க வளைவைக் கையால் லேசாக நிமிர்த்தினேன். இரண்டு துண்டாக வந்துவிட்டது. 5 மிமீ-இல் 4 மிமீ ஏற்கெனவே கறுத்துப்போயிருந்தது.